பிடி அரிசிப் பள்ளியில் படித்த முதல்-மந்திரி

1941-ம் ஆண்டு. வேலூர் மத்திய சிறையில் ஒரு பாதுகாப்புக் கைதி இருந்தார். கருத்த நிறம். நெடிய உருவம். அதிகம் பேசமாட்டார். கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும்.

அவர் சிறைக்குள் இருந்தபோதே, தெற்கே வெகு தூரத்தில் இருந்த அவருடைய சொந்த ஊரில் நகரசபைத் தலைவர் தேர்தல் வந்தது. ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெயிலில் இருந்தவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்து விட்டார்கள்!

அந்த ஊர் விருதுநகர். அந்தக் கைதி காமராஜர்.

யுத்த நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசியதுதான் அவர் செய்த குற்றம். 1940 டிசம்பரில், காந்திஜியைப் பார்க்க வார்தாவுக்குப் போகும் வழியில், குண்டூரில் அவரைக் கைது செய்து வேலூருக்குக் கொண்டு வந்தார்கள். 1941 நவம்பரில் விடுதலை ஆனார். நேரே விருதுநகருக்குப் போனார். நகரசபைத் தலைவர் நாற்காலியை ஏற்றுக்கொண்ட சூட்டோடு ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டார். முழு நேரமும் கவனிக்க முடியாத பதவி தமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

வேலூர் சிறையில் அவர் புத்தகமும் கையுமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். மீதிப் படிப்பை ஜெயிலில் படித்துக் கொண்டார். இங்கிலீஷ் பத்திரிகை வாசிக்கும் அளவுக்கு அவருக்குப் பழக்கம் வந்ததும் சிறைவாசத்தில்தான். வாழ்நாளில் 3 ஆயிரம் நாட்களுக்கு மேல் சிறையில் கழித்தவர் அவர். படிக்க அவகாசத்துக்குக் குறைவில்லை!

இந்த ஆறாம் வகுப்பு மனிதர்தான் பிற்பாடு லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது.

தேங்காய் வியாபாரி மகன்

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுபட்டியில் காமராஜர் பிறந்தார். விருதுநகரின் அந்தக் காலப் பெயர் அது. தகப்பனார் குமாரசாமி, தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் குழந்தைக்குக் காமாட்சி என்று முதலில் பெயர் வைத்தார்கள். தாயார் ராஜா என்று கூப்பிடுவார். இரண்டும் சேர்ந்து காமராஜா என்று ஆகிவிட்டது. நாகம்மாள் என்று ஒரு தங்கை.

பையனுக்கு ஆறு வயதாக இருந்தபோது தகப்பனார் இறந்துபோனார். சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்றார். அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்தார். அதிலிருந்து வந்த வட்டியில் குடும்பம் நடந்தது. வட்டிப் பணத்தில் சோறு பொங்கலாம். பையனை மேல் படிப்புக்கு அனுப்ப முடியுமா?

ஆனாலும் அவன் படித்தான். எப்படி?

பிடி அரிசி

முதலில் ஏனாதி நாயனார் வித்யாசாலை என்ற சின்னத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அடுத்தபடியாக க்ஷத்திரிய வித்யாசாலை.

இந்த க்ஷத்திரிய வித்யாசாலையின் கதை தனிக் கதை.

அந்தக் காலத்தில் நாடார் சமூகத்தாரைக் கோவிலுக்குள் விடமாட்டார்கள். பல ஊர்களில் பொதுக் கிணறும் கிடையாது. பள்ளிக்கூடமும் எளிதில் கிடைக்காது. விருதுபட்டி வியாபாரிகள் யோசித்தார்கள். யாரிடமும் கையேந்தாமல் நாமே ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். பணத்துக்கு இரண்டு வழி கண்டார்கள்.

ஒன்று மகமை. ஊர்ப் பேட்டைக்கு வந்து போகும் ஒவ்வொரு மூட்டை சரக்குக்கும் இவ்வளவு காசு என்று வியாபாரிகள் தாங்களே விதித்துக்கொண்ட வரி அது.

இன்னொன்று பிடி அரிசி. வீட்டில் பெண்கள் உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அந்த அரிசியை வீடு வீடாகப் போய்ச் சேர்த்து விற்பார்கள். அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கு.

இப்படித்தான் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலை பிறந்தது. பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் என்றால் இங்கே வாத்தியார் சம்பளம் இல்லை. மாதாமாதம் பிள்ளைகள் கட்டும் பணத்துக்கும் அன்று சம்பளம் என்றுதான் பெயர். அந்தச் சம்பளம் கட்ட முடியாமல் பாதியில் நின்ற பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். தகப்பனில்லாப் பிள்ளை காமராஜர் ஆறாம் வகுப்பு வரையாவது வந்தார் என்றால், அது முகம் தெரியாத பெண்கள் போட்ட பிடி அரிசியின் புண்ணியம்.

ஓரணாக் கணக்கு

அந்தப் பள்ளியில் நடந்ததாக ஒரு சம்பவத்தை அவர் சரித்திரம் எழுதியவர்கள் விடாமல் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையார் சதுர்த்தி. பையன்கள் எல்லாரும் ஆளுக்கு ஓரணா கொடுத்திருந்தார்கள். பூஜை முடிந்து கொழுக்கட்டை, சுண்டல் கொடுக்க ஆரம்பித்ததும் ஒரே தள்ளுமுள்ளு. முந்தியவனுக்குக் கை நிறையக் கிடைத்தது. காமராஜர் இடித்துக்கொண்டு போகவில்லை. ஒதுங்கி நின்றார். கடைசியில் கிடைத்தது கொஞ்சம்.

வீட்டில் பாட்டி கோபித்துக்கொண்டார். பேரன் பதில் சொன்னான். எல்லாரும் ஒரே ஓரணாதான் கொடுத்தோம். அப்படியிருக்க எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டியது வாத்தியார் பொறுப்பு. இடித்துப் பிடித்து வாங்க வேண்டியது என் பொறுப்பு இல்லை என்பது அவன் நியாயம்.

பிற்காலத்தில் சர்க்கார் பணத்தைப் பங்கிடும் இடத்துக்கு அவர் வந்தபோது, முண்டியடித்துக்கொண்டு வரத் தெரியாதவர்களைத்தான் அவர் முதலில் தேடினார்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. சம்பளம் இல்லாத பள்ளிக்கூடமாக இருந்தும் நின்றது. பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டுக்கு நாலு காசு கொண்டுவர வேண்டியிருந்தது. மாமா கருப்பையாவின் ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போட உட்கார்ந்தான். ஆனால் கவனமெல்லாம் பத்திரிகையிலும் பொதுக்கூட்டத்திலும். கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டம் கேட்கப் போகிறான் என்று குடும்பத்தார் பயந்தார்கள். திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பினார்கள். அதுவும் பலிக்கவில்லை. 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தது. காமராஜர் காங்கிரஸ்காரர் ஆனார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் முதல் சிறைவாசம். கலியாணம் செய்துகொள்ளவே இல்லை.

தோல் வியாபாரிகள் செய்த தர்மம்

விருதுநகர் மகமைக்கு ஒரு ஜோடி வட ஆர்க்காடு ஜில்லாவில் உண்டு.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் நினைவுக்கு வரும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய பாலாற்றங்கரைத் தோல் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போயிற்று. தோல் வியாபாரத்தில் சம்பாதித்த முஸ்லிம் பெரியவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஏற்பட்டது. 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம் சாகிப் கொடுத்த தர்மங்கள் ஏராளம். அவர் பெயரால் 1965-ல் அங்கே ஒரு கல்லூரியே எழுந்தது. வேலூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் நடத்திய ஊரிஸ் கல்லூரி 1898-லேயே இருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறு வயதில் அங்கே படித்தவர்.

இந்தத் தர்மவான்கள் இல்லாவிட்டால் இந்த ஜில்லாவில் பல தலைமுறை எழுத்தறியாமல் போயிருக்கும். அதை மறக்கக் கூடாது.

ஆனால் இந்த வழியில் ஒரு குறை உண்டு. மகமை விதிக்கப் பேட்டை வேண்டும். பிடி அரிசி எடுக்க உலையில் அரிசி வேண்டும். தர்மம் செய்ய லாபம் வேண்டும். இவை எதுவும் இல்லாத ஊருக்கு யார் பள்ளிக்கூடம் கட்டுவது? தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று மயிரும் சதையும் சுரண்டுகிற கூலிக்காரர் குடியிருக்கும் சேரியில், எந்த மகமையைத் தண்டுவது? கொடுப்பவர்கள் இருக்கும் ஊரில் நல்ல பள்ளி. இல்லாத ஊரில் மரத்தடி. அல்லது அதுவும் இல்லை.

1920-ல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி போடலாம். போட்டால் சர்க்காரும் தன் பங்குக்குப் பணம் கொடுக்கும் என்று அந்தச் சட்டம் ஏற்பாடு செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் இங்கேயும் அதே கதை. வரி வசூலாகும் பணக்கார ஊருக்கு அதிகம் கிடைத்தது. ஏழை ஊருக்குக் கொஞ்சம் கிடைத்தது.

முதல்-மந்திரி ஆனார்

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார். அப்போது அவர் சட்டசபை உறுப்பினர் இல்லை. பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். முதல்-மந்திரி ஆறு மாதத்துக்குள் சட்டசபைக்கோ மேல்சபைக்கோ வந்தாக வேண்டும் என்பது விதி.

அவருக்கு முன் முதல்-மந்திரியாக இருந்த ராஜாஜி மேல்சபைக்கு நியமனம் ஆனவர். காமராஜரும் அப்படிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் வருவேன் என்று நின்றார். அவர் நின்ற தொகுதி குடியாத்தம்.

விருதுநகர்க்காரருக்கும் குடியாத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? சொந்தம் இல்லை, பந்தம் இல்லை. வேலூர் ஜெயில்வாசத்தைத் தவிர இந்த ஜில்லாவில் அவருக்கு வீடுவாசல் ஏது? ஆனாலும் ஜனங்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் ஏற்றார்கள். குடியாத்தம் கைத்தறிக்குப் பெயர்போன ஊர். லுங்கி நெய்கிறவர்களும், பீடி சுற்றுகிறவர்களும், தோல் ஆலைக்குப் போகிறவர்களும் நிறைந்த தொகுதி. காங்கிரசை ஓயாமல் எதிர்த்துவந்த பெரியார் ஈ. வெ. ரா., காமராஜரை ஆதரித்தார். அண்ணாவின் தி. மு. கழகமும் எதிர்த்து ஆளை நிறுத்தாமல் ஆதரவு கொடுத்தது. கம்யூனிஸ்டுக் கட்சி எதிர்த்து நின்றது. காமராஜர் வெற்றி பெற்றார். மூன்று வருஷம் குடியாத்தம் உறுப்பினராகவே முதல்-மந்திரி பதவி வகித்தார். 1957-ல்தான் சாத்தூருக்கு மாறினார்.

அரை நாள் பள்ளிக்கூடம்

எதிர்க்கட்சிக்காரர்கள் அவரை ஆதரித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் பள்ளிக்கூடம்.

1953-ல் ராஜாஜி சர்க்கார் ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தது. கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைப் பையன் பழகலாம். பெண் பிள்ளை தாயாருக்கு உதவலாம்.

ராஜாஜியின் கணக்கு பணக் கணக்கு. பள்ளிக்கூடம் போதவில்லை. வாத்தியார்கள் போதவில்லை. கஜானாவில் பணமும் இல்லை. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று வைத்தால், அதே கட்டடத்தில், அதே வாத்தியாரைக் கொண்டு இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் அல்லவா? காகிதத்தில் பார்த்தால் சரியான கணக்கு.

ஆனால் இந்தத் திட்டம் கிராமத்துக்கு மட்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள். அதுவும் போகட்டும். தகப்பன் தொழில் என்றால் என்ன? வக்கீல் மகன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவான். தோல் சுரண்டுகிறவன் மகன் எங்கே போவான்? சுண்ணாம்புத் தொட்டிக்குத்தானே போவான்? இதைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியாரும் கழகத்தாரும் ஊரெல்லாம் கிளர்ச்சி செய்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்புக் கிளம்பியது. ராஜாஜி விலகினார்.

காமராஜர் வந்த ஐந்தாவது வாரம், 1954 மே மாதம், அந்தத் திட்டம் ரத்தாயிற்று. அறிவித்தவர் கல்வி மந்திரி சி. சுப்பிரமணியம். ராஜாஜி காலத்திலும் மந்திரியாக இருந்தவர் அவர். நிதி இலாகாவும் அவர் கையில்தான். காமராஜர் அவரை விலக்காமல் வைத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம். பணப் பெட்டியின் சாவியும் பள்ளிக்கூடத்துச் சாவியும் ஒரே கையில் இருந்தன!

திட்டத்தை ரத்து செய்வது சுலபம். ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் ராஜாஜி சொன்ன பணமுடை பொய் இல்லையே? அது அப்படியே இருந்தது.

வாத்தியார் வீட்டு அடுப்பு

அன்று தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிக்கூடத்தைவிட, ஸ்தல ஸ்தாபனப் பள்ளிக்கூடங்களும், தனியார் நடத்திச் சர்க்காரிடம் கிராண்டு வாங்கும் பள்ளிக்கூடங்களும்தான் அதிகம். சர்க்கார் பள்ளி வாத்தியாருக்கு வயதான பிறகு பென்ஷன் உண்டு. தனியார் பள்ளி வாத்தியாருக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் பாடம் சொல்லிவிட்டு, கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பேரும் சொல்லிக்கொடுத்தது ஒரே அரிச்சுவடி.

1955-ல் காமராஜர் சர்க்கார் இதை மாற்றியது. உதவி பெறும் பள்ளி வாத்தியாருக்கும், ஸ்தல ஸ்தாபனப் பள்ளி வாத்தியாருக்கும் பென்ஷன், சேமநிதி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. மதிய உணவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் குக்கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி திறந்தால் அங்கே போய் இருக்க ஒரு வாத்தியார் வேண்டாமா? அந்த வாத்தியாரின் அடுப்பு எரிந்தால்தானே அவர் கரும்பலகை பக்கம் திரும்புவார்?

ஒரு மைலுக்குள் ஒரு தொடக்கப்பள்ளி என்பதைக் குறியாக வைத்துக்கொண்டு, பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்துத் திறந்துகொண்டே போனார்கள். கல்வித்துறை டைரக்டராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதில் காமராஜருக்கு வலது கை.

பசித்த வயிறு

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பிள்ளை வரவேண்டுமே!

காமராஜர் காரில் போகும்போது மாடு மேய்க்கும் ஒரு பையனைப் பார்த்து, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை இன்றும் ஊர்தோறும் சொல்லப்படுகிறது. ஜவுளிக்கடையில் துணி மடித்த பையனுக்கு இந்தப் பதிலை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன் யாருக்கும் தோன்றாத யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1906-லேயே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு போட ஊராட்சிகளுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. சென்னையிலும் 1920-ல், சர் பிட்டி தியாகராயர் நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் பகல் உணவு தொடங்கினார்கள். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்விப் பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்துவிட்டது. 1925-ல் அடுப்பு அணைந்தது. பிள்ளைகளும் குறைந்துபோனார்கள்.

காமராஜருக்கும் அதே இடத்தில்தான் முட்டியது. பணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள். அப்போது அவர் பிடித்த வழி பிடி அரிசி வழி!

சர்க்கார் பணத்துக்காகக் காத்திராமல் ஊராரைக் கேட்டார்கள். 1956-ல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரிசி இருந்தவர் அரிசி கொடுத்தார். கம்பு இருந்தவர் கம்பு கொடுத்தார். தோட்டக்காரர் கத்திரிக்காய் கொடுத்தார். விறகும், ஈயப் பாத்திரமும்கூட வந்தன. வாத்தியார் கணக்கு எழுதினார். பசியோடு வந்த பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை இருந்தது.

ஆறு பைசா, நாலு பைசா

ஜனங்கள் முன்னால் நடந்தார்கள். சர்க்கார் பின்னால் வந்து சேர்ந்தது. 1957 நவம்பர் முதல் சர்க்காரும் பங்கு போட ஆரம்பித்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 நயா பைசா என்று கணக்கு. அதில் 6 பைசா சர்க்கார் கொடுக்கும். 4 பைசா ஊரார் கொடுக்க வேண்டும். 1961-ல் அமெரிக்கக் கேர் ஸ்தாபனம் பால் பவுடரும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் கொடுத்து உதவ முன்வந்தது.

இந்த 4 பைசாவில்தான் பழைய தொல்லை மறுபடி தலைகாட்டியது. நஞ்சை உள்ள ஊர் நாலு பைசாவைச் சுளுவாகக் கொடுத்துவிடும். தோல் மண்டி முதலாளி இருக்கும் ஊரும் கொடுத்துவிடும். வானம் பார்த்த ஊர் என்ன செய்யும்? அங்கேதான் பசித்த பிள்ளைகள் அதிகம். அங்கேதான் 4 பைசாவும் கஷ்டம். மகமையில் இருந்த குறை மதிய உணவிலும் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முன்பு ஏழை ஊருக்குக் கிடைத்தது பூஜ்யம். இப்போது பத்தில் ஆறு பங்கு உறுதியாக வந்தது. அந்த ஆறு பைசா சேரிப் பிள்ளைக்கும் ஒன்றுதான். மிராசுதார் ஊருக்கும் ஒன்றுதான்.

1958-ல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு, அதை ஊராரே கொடுக்க வைக்கும் ஏற்பாடு. ஒருவர் கடிகாரம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். ஒருவர் நிலமே எழுதி வைத்தார். ஊர் ஊராக இப்படி மாநாடுகள் நடந்தன. காமராஜர் பலவற்றுக்கு நேரில் போனார். ஒரே மாதிரி சீருடை கொடுக்கும் ஏற்பாடும் இந்தக் காலத்தில்தான் வந்தது. கிழிந்த சட்டைக்காரன் பின் பெஞ்சுக்கு ஒதுங்கும் வழக்கத்துக்கு அது ஒரு மருந்து.

சம்பளம் ஒழிந்தது

மிஞ்சியது பள்ளிச் சம்பளம். சின்ன வகுப்புப் படித்த பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். தேதி தவறினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போனவன் திரும்ப வருவதில்லை.

1960-ல், வருஷ வருமானம் 1,200 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடிய இலவசப் படிப்பு என்று சர்க்கார் உத்தரவு போட்டது. 1,200 ரூபாய் என்றால் மாதம் 100 ரூபாய். குடியாத்தம் தறிக்காரர், ஆம்பூர்த் தோல் தொழிலாளி, பேரணாம்பட்டில் பீடி சுற்றும் தாயார் போன்றவர்களுக்காகவே போட்ட கோடு அது. சாதி என்ன, மதம் என்ன என்று கேள்வி இல்லை. வருமானம் என்ன என்பது மட்டும்தான் கேள்வி. பிற்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் சம்பளம் ரத்தாயிற்று.

1951 ஜனக் கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 21 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 1961-ல் அது 31 ஆயிற்று. இன்னும் 69 பேர் மீதி இருந்தார்கள் என்பதும் உண்மை.

தோற்கடித்த ஓட்டு

1963 அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் பதவியை விட்டு விலகினார். கட்சி வேலைக்காக மூத்த தலைவர்கள் பதவியைத் துறக்க வேண்டும் என்ற யோசனையே அவருடையதுதான். அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருஜிக்குப் பின் சாஸ்திரி, அவருக்குப் பின் இந்திரா காந்தி என்று பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் முன்னால் நின்றார்.

1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே சட்டசபைத் தேர்தலில் தோற்றார். அவரை வென்றவர் ஒரு மாணவர் தலைவர். வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அரிசி விலை ஏறியிருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. 1956-ல் பள்ளியில் மதியச் சோறு சாப்பிட்ட பத்து வயதுப் பிள்ளைக்கு 1967-ல் 21 வயது. அன்று ஓட்டுப் போடும் வயது அதுதான். படித்த பிள்ளைகள் பத்திரிகை படித்தார்கள், யோசித்தார்கள், மாற்றிப் போட்டார்கள். காமராஜர் யாரையும் குறை சொல்லவில்லை. 1969-ல் நாகர்கோவிலில் நின்று பாராளுமன்றத்துக்குப் போனார்.

1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தி அன்று, சென்னையில் அவர் இறந்தார். சென்னை திருமலைப்பிள்ளை ரோட்டில் அவர் குடியிருந்தது வாடகை வீடு. சொத்து என்று எதுவும் சேர்க்கவில்லை. கதர் வேட்டி சட்டைகளும் புத்தகங்களும்தான் மிஞ்சின. மறு ஆண்டு பாரத ரத்னா பட்டம் கொடுத்தார்கள்.

அந்த நாலு பைசாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1982-ல் முதல்-மந்திரி எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தபோது செலவைச் சர்க்காரே ஏற்றது. ஏழை ஊரும் பணக்கார ஊரும் தங்கள் பங்கைத் தேடி அலைவது நின்றது. ஆனால் அதற்குள் வேறொரு கோடு விழ ஆரம்பித்திருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சம்பளம் கட்டி இங்கிலீஷ் பள்ளிக்குப் போனார்கள். சோறு போடும் பள்ளிக்கூடம் ஏழைப் பள்ளிக்கூடம் என்று பெயர் எடுத்தது. வேலூர் ஜில்லா 2019-ல் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போய்விட்டன. அந்தக் கோடு மட்டும் மூன்று ஜில்லாவிலும் இருக்கிறது.

2022-ல் சர்க்கார் தொடக்கப்பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி வந்தது. தனியார் நடத்தும், உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது முதலில் கிடைக்கவில்லை. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தது 2024 ஜூலை 15-ந் தேதி. காமராஜர் பிறந்த நாள்.